நாற்பத்து நான்காவது பெயர்

கிரிஹாரா குலத்தின் வரலாற்றை எழுதிவந்த ஹயாமி கென்சுகே, தன் ஐம்பத்தொரு வயதுக்குள் ஒரே ஒரு பொய்தான் எழுதியிருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார். அதையும் இரக்கப்பட்டுத்தான் எழுதினார். எழுதின பொய் வாயை மூடிக்கொண்டு தாளில் கிடக்கும் என்று நினைத்தார். அது பதில் சொல்லிவிட்டது.

ஜப்பானின் வடகடலோரத்தில், மலைகளுக்கு நடுவே, ஆண்டில் பாதி நாள் மூடுபனி இறங்கிக் கிடக்கும் ஒரு பள்ளத்தாக்கு உண்டு. அதை ஆண்ட சாமுராய் குலம்தான் கிரிஹாரா. பெரிய குலம் என்று சொல்ல முடியாது. தலைநகருக்குப் போய் அந்தப் பெயரைச் சொன்னால், “எந்தப் பக்கம் அது?” என்று கேட்பார்கள். ஆனால் சொந்த ஊரில் அவர்கள் பேசிக்கொள்ளும் பெருமைக்கு அளவே கிடையாது. அத்தனை பெருமையும் ஒரே ஒரு முற்றுகையிலிருந்து வந்தது.

தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னால் பகைவர் படை பழைய கோட்டையைச் சூழ்ந்தது. சாமுராய்கள் தங்கள் குடும்பங்களை முன்கூட்டியே மலைக்கு அனுப்பிவிட்டார்கள். கோட்டையில் நின்றவர்கள் நாற்பத்து மூன்று பேர். நூறு நாள் தாக்குப்பிடித்தார்கள். பகைவர் சதுப்புக்கு அப்பால் வேலி போடும் முன்பே கைக்குழந்தையாக இருந்த பிரபுவைச் சதுப்பு வழியாகத் தப்ப வைத்துவிட்டு, நூறாவது நாள் நாற்பத்து மூன்று பேரும் மாண்டார்கள். குழந்தை வளர்ந்தது. நாடு திரும்பக் கிடைத்தது. மேட்டில் புதுக் கோட்டை எழும்பியது. பழைய கோட்டை சதுப்போடு சதுப்பாகப் போனது.

ஒவ்வோர் ஆண்டும் கோட்டை விழுந்த நாளன்று, உறைபனி உருகத் தொடங்கும் பருவத்தில், குலத்தின் கோயிலில் முற்பகலில் எல்லோரும் கூடுவார்கள். வரலாறு எழுதுபவர் சபையைப் பார்த்து நின்று, மாண்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். அந்தந்த வீட்டு வாரிசு பாயில் கை ஊன்றித் தலையைத் தாழ்த்தி, மாண்டவருக்குப் பதிலாக, “இங்கே இருக்கிறேன்” என்று சொல்ல வேண்டும்.

பதில் வராவிட்டால் மூன்று மூச்சு விடும் நேரம் காத்திருப்பார்கள். அதற்குள்ளும் வராவிட்டால் பெயரை மையால் அடித்துவிட வேண்டும். இத்தனை ஆண்டுகளில் ஒரு பெயரும் அடிபட்டதில்லை. பிள்ளை இல்லாத வீட்டார் தத்து எடுத்தாவது பதில் சொல்ல ஓர் ஆளை வைத்துக்கொண்டார்கள். ஏழாவது பெயர் ஹயாமியின் கொள்ளுத் தாத்தாவுடையது. அதைக் கூப்பிட்டுவிட்டு அவரே குனிந்து பதிலும் சொல்லிக்கொள்வார். பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். யாரும் சிரித்ததில்லை.

சென்ற இலையுதிர் காலத்தில் புதிய பிரபு பட்டத்துக்கு வந்தார். இளரத்தம். வந்த வேகத்தில் ஓர் ஆணை போட்டார். பட்டியலில் பெயர் உள்ள வீட்டார் மட்டுமே கோட்டை மதிலுக்குள் குடியிருக்கலாம். மற்றவர்கள் இளவேனிலில் சதுப்புக் கரைக்குப் போய், நிலம் திருத்திப் பிழைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ‘மற்றவர்களில்’ ஒருவர் இசோபெ மோன்யா. அரிசிக் கிடங்கின் காவலர். ஹயாமியின் முப்பது வருட நண்பர். இசோபெயின் முன்னோர் முற்றுகைக்குப் பிறகுதான் கிரிஹாரா குலத்தில் சேர்ந்தார்கள். அவர் மனைவி ஓஷினோவுக்கு நுரையீரல் நோய். சதுப்பின் ஈரக் காற்றில் ஒரு குளிர்காலம்கூடத் தாங்க மாட்டாள் என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார்.

இசோபெ வந்து எதுவும் கேட்கவில்லை. ஹயாமியின் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதார். அவ்வளவுதான்.

அன்றைக்கு ஹயாமி பட்டியலின் கடைசியில் ஒரு பெயரை எழுதினார். இசோபெ தோசாபுரோ. வடக்கு வாயிலில் ஈட்டியோடு காவல் நின்றவர். தொண்ணூற்றோராம் நாள் அம்பு பட்டு இறந்தவர். பழைய தாள்களுக்கிடையே தவறிப்போயிருந்த பெயர், இப்போதுதான் கிடைத்தது என்று சபையில் அறிவித்தார். ஹயாமியின் வார்த்தையைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை. அப்படி ஒரு மனிதன் பிறக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

பெயர் கூப்பிடும் நாள் வந்தது. நாற்பத்து மூன்று பெயர்களும் முடிந்தன.

“இசோபெ தோசாபுரோ,” என்றார் ஹயாமி.

மூன்றாவது வரிசையில் இசோபெ பாயில் கை ஊன்றி, நெற்றி தரையில் படக் குனிந்திருந்தார். பதில் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. சொல்லவில்லை. பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். நாக்கு எழும்பவில்லை.

ஒரு மூச்சு போனது. இரண்டாவது மூச்சும் போனது. ‘சொல்லடா, மோன்யா, சொல்லித் தொலை’ என்று ஹயாமி மனசுக்குள் கெஞ்சினார்.

“இங்கே இருக்கிறேன்.”

சபை நிம்மதியாக அசைந்தது. இசோபெதான் சொன்னார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சபையைப் பார்த்து நின்றவர் ஹயாமி ஒருவர்தான். குனிந்திருந்த இசோபெயின் குரல் அல்ல அது. குரல் எல்லா வரிசைகளுக்கும் பின்னால், யாருமே உட்காராத பலகைச் சுவரின் ஓரத்திலிருந்து வந்தது.

சபை கலைந்ததும் இசோபெ அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் சில்லிட்டிருந்தன.

“நான் சொல்லவில்லை.”

“தெரியும்.”

“அப்படியானால் யார்?”

“வீட்டுக்குப் போ, மோன்யா.”

கோயிலைக் கூட்டுகிற கிழவர் பின்சுவர் ஓரத்தில் முணுமுணுத்துக்கொண்டே துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கூரை ஒழுகுகிறதாம். மழை பெய்து எட்டு நாள் ஆகியிருந்தது.

ஹயாமி இரண்டு நாள் சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்தார். மூன்றாம் நாள் எழுந்து மியோகனைப் பார்க்கப் போனார்.

மியோகன் ஒரு பிக்குணி. சதுப்பின் கரையிலிருந்த சிறு மடத்துக்குத் தலைவி. ஹயாமியைவிடப் பத்து வயது இளையவர். ஆறு வருடங்களாக ஹயாமி அவரிடம் தியானம் பழகிவந்தார். ‘போயும் போயும் ஒரு பெண்பிள்ளையிடமா, அதுவும் தன்னைவிடச் சின்னவளிடமா’ என்று கோட்டையில் கேலி பேசினார்கள். ஹயாமி காதில் போட்டுக்கொள்ளவில்லை. மியோகனோ அவருக்குப் பெரிய மரியாதை எதுவும் தந்துவிடவில்லை. ‘எழுத்தரே’ என்றுதான் கூப்பிடுவார்.

அன்று நண்பகலில் மியோகன் முள்ளங்கி ஊறுகாய்ப் பீப்பாயின் மேலிருந்த கல்லைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

“இந்தப் பக்கம் பிடியும், எழுத்தரே. முகம் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கிறது?”

ஹயாமி கல்லைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மியோகன் ஒரு முள்ளங்கியை எடுத்துக் கழுவி, நறுக்கி, வாயில் போட்டு மென்றார்.

“உப்பு போதவில்லை,” என்றார். “சரி, இப்போது உம்முடைய கேள்வி என்ன?”

“பட்டியலோடு வரலாற்றின் புதிய பிரதியை நாளை மறுநாள் பிரபுவிடம் கொடுக்க வேண்டும், தாயே. அவர் முத்திரை வைத்துவிட்டால் அதற்கப்புறம் ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது. அந்தப் பெயரை விட்டுவைத்தால், செத்துப்போன நாற்பத்து மூன்று பேரும் என்னைச் சும்மா விட மாட்டார்கள். அன்றைக்குக் கேட்டது அவர்களுடைய கோபம்தான். பெயரை அடித்தால் ஓஷினோ செத்துப்போவாள். உண்மையை ஒப்புக்கொண்டால் தண்டனையாக நானே என் வயிற்றைக் கிழித்துக்கொள்ள வேண்டும், ஓஷினோவும் சாவாள். அடிக்கவா, விடவா? அதை மட்டும் சொல்லுங்கள்.”

“அந்தக் குரலில் கோபம் இருந்ததா?”

ஹயாமி யோசித்தார். இரண்டு நாளாக அந்தக் குரலை ஆயிரம் முறை மனசுக்குள் கேட்டாயிற்று. ஆனால் அது எப்படி இருந்தது என்று ஒருமுறைகூட அவர் யோசிக்கவில்லை.

“இல்லை,” என்றார் மெதுவாக. “கோபம் இல்லை.”

“பின்னே?”

“அவசரம் இருந்தது. பந்தியில் கடைசி ஆளாக உட்கார்ந்திருப்பவர், பரிமாறுகிறவர் தன்னைத் தாண்டிப் போய்விடுவாரோ என்று பயந்து குரல் கொடுப்பாரே, அந்த மாதிரி.”

மியோகன் கல்லை மறுபடி பீப்பாயின் மேல் வைத்தார்.

“நாளைக் காலை மூடுபனி நன்றாக இறங்கும். வரலாற்றுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாரும். பழைய கோட்டை வரை ஒரு நடை போய்விட்டு வருவோம்.”

மறுநாள் காலை கை நீட்டினால் விரல் தெரியவில்லை. மியோகன் ஒரு மூங்கில் குச்சியால் இன்னொரு மூங்கிலைத் தட்டிக்கொண்டே முன்னால் நடந்தார். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஹயாமி பின்னால் போனார். சதுப்பின் நடுவே ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் காய்ந்த நாணல். ஒவ்வோர் அடிக்கும் சேறு காலை உறிஞ்சிப் பிடித்து விட்டது.

“கரையோரத்து ஜனங்கள் எல்லோரும் இப்படித்தான் தட்டிக்கொண்டு போகிறார்கள், தாயே. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டால் சுலபம் இல்லையா? கோட்டையில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.”

“கோட்டையில் மூடுபனி கிடையாது. இங்கே இருப்பவர்கள் மூடுபனியில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள்.”

“ஏன்?”

“யாரைக் கூப்பிட்டோமோ அவர் மட்டும் வந்தால் பரவாயில்லை. எங்கள் மடத்துப் பூனைக்கு ஏன் பெயர் வைக்கவில்லை என்று நினைக்கிறீர்? முன்பு வைத்திருந்தேன். கூப்பிட்டால் பூனை வராது. வேறு எங்கிருந்தோ பதில் வரும்.”

ஹயாமி மூங்கில் சத்தத்துக்கு இன்னும் நெருங்கி நடந்தார்.

பாதை இரண்டு பெரிய கற்களுக்கு நடுவே போய் நின்றது. பழைய கோட்டையின் வடக்கு வாயில் அது. கதவு என்றோ மக்கிப் போயிருந்தது. கதவு சுழன்ற குழி மட்டும் கல்லில் மிச்சம். மியோகன் மூங்கிலைக் கீழே வைத்தார். சதுப்பு முழுதும் மூச்சை அடக்கிக்கொண்டதுபோல் ஓர் அமைதி.

“பட்டியலைப் படியும்.”

“இங்கேயா?”

“பின்னே, வீட்டில் படிக்கவா இத்தனை தூரம் வந்தோம்?”

ஹயாமி புத்தகத்தைத் திறந்து முதல் பெயரைக் கூப்பிட்டார். மூன்று மூச்சு நின்றார். ஒன்றுமில்லை. இரண்டாவது பெயர். ஒன்றுமில்லை. ஏழாவது பெயர், தன் கொள்ளுத் தாத்தாவின் பெயர் வந்தபோது இன்னும் உரக்கக் கூப்பிட்டார். அதற்கும் பதில் இல்லை. நாற்பத்து மூன்று பெயர்களும் மூடுபனிக்குள் போய்த் திரும்பி வராமல் போயின. ஹயாமிக்கு உயிர் வந்தது.

“ஒருவரும் இல்லை, தாயே.”

“அவர்கள் இங்கே எதற்கு நிற்கப் போகிறார்கள்? ஆண்டுதோறும் கூப்பிடுகிறார்கள், வீட்டுக்கு வீடு பதில் சொல்ல ஆள் இருக்கிறது. நிம்மதியாகப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். கடைசிப் பெயரைக் கூப்பிடும்.”

ஹயாமி கடைசி வரியில் விரலை வைத்தார்.

“இசோபெ தோசாபுரோ.”

ஒரு மூச்சுகூட முடியவில்லை.

“இங்கே இருக்கிறேன்.”

அதே குரல். கரகரப்பான, வயதான ஆணின் குரல். நாணல் பக்கமாக, இருபது அடி தூரத்தில் இருக்கலாம். சேறு உறிஞ்சி விடும் சத்தம் ஒருமுறை கேட்டது. அப்புறம் நின்றுவிட்டது. ஹயாமி கல்லைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னொரு பெயர் சொல்லும்,” என்றார் மியோகன்.

“பட்டியலில் வேறு பெயர் இல்லையே?”

“உருவாக்கும். உமக்குத்தான் அது கைவந்த கலை ஆயிற்றே.”

“தாயே, வேண்டாம். எனக்குப் பயமாக இருக்கிறது.”

“எனக்கும்தான். சொல்லும்.”

ஹயாமி கண்ணை மூடிக்கொண்டு, வாயில் வந்ததைச் சொன்னார். அப்படி ஒருவரை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

“குராத்தா யஹேய்!”

அது ஆணின் பெயர். பதில் சொன்னது ஒரு கிழவியின் குரல்.

“இங்கே இருக்கிறேன், ஐயா. இங்கேதான் இருக்கிறேன்.”

அந்த ‘ஐயா’ ஹயாமியின் நெஞ்சில் போய்க் குத்தியது. ஆணின் பெயர் என்றாலும் பரவாயில்லை, கிடைத்தால் போதும் என்று வாங்கிக்கொள்கிற குரல். அவர் பயத்தையும் மறந்துவிட்டார். அந்தக் கிழவிக்காகவாவது ஒரு பெண் பெயரைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

“ஓதாக்கி!” என்று கூப்பிட்டார்.

மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் பதில் சொல்லின. கிழவி ஒருத்தி. இளம்பெண் ஒருத்தி. மூன்றாவது ஒரு குழந்தை. “இங்கே இருக்கிறேன்” என்பதை முழுதாகச் சொல்லக்கூட அதற்கு வரவில்லை. ஒரே பெயருக்கு மூன்று பேரும் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு வந்தார்கள். நாணல் அங்கேயும் இங்கேயும் சலசலத்தது. காற்று துளியும் இல்லை.

ஹயாமி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. எதற்கு அழுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

“யார் இவர்களெல்லாம்?” என்றார் கடைசியில்.

“வரலாறு எழுதுகிறவர் நீர். என்னைக் கேட்டால்?”

“எனக்குத் தெரியாது, தாயே. சத்தியமாகத் தெரியாது.”

மியோகன் எதிர்க் கல்லின் மேல் உட்கார்ந்தார்.

“எங்கள் மடத்தில் ஒன்பது பேர். ஒன்பது பேருக்குச் சோறாக்கி, தண்ணீர் சுமந்து, விறகு வெட்ட இரண்டு பேர் நாள் முழுதும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. நாற்பத்து மூன்று பேரும் இரவு பகலாக மதிலைவிட்டு இறங்கவே இல்லை என்று எழுதியிருக்கிறீர். சோறு வடித்தது யார்?”

ஹயாமி குனிந்து புத்தகத்தைப் பார்த்தார்.

“தண்ணீர் தூக்கியது யார்? உடைந்த மதிலுக்குக் கல் சுமந்தது யார்?”

“சுற்றுக் கிராமத்து ஜனங்கள் உள்ளே வந்தார்கள்,” என்றார் ஹயாமி. “முதல் நாள் குறிப்பில் இருக்கிறது. ‘கிராமத்தார் அனைவரும் பாதுகாப்புக்காகக் கோட்டைக்குள் அழைக்கப்பட்டனர்.’”

“எத்தனை பேர்?”

“எண்ணிக்கை இல்லை.”

“வந்தது இருக்கிறது. போனது?”

ஹயாமி பக்கங்களைப் புரட்டினார். தேடவேண்டிய அவசியமே இல்லை. அந்த வரியை அவர் நான்கு முறை அழகான கையெழுத்தில் பிரதி எடுத்திருக்கிறார். அவருடைய அப்பா மூன்று முறை எடுத்திருக்கிறார். தாத்தாவும் எடுத்திருப்பார்.

“‘அறுபதாம் நாள்,’” என்று படித்தார். “‘அரிசி குறைந்தது. கோட்டையிலிருந்த கூட்டமும் குறைக்கப்பட்டது.’”

“எப்படிக் குறைத்தார்கள்?”

மூடுபனி அவருடைய முழங்காலை உரசிக்கொண்டு நின்றது. வாயிலுக்கு வெளியே சதுப்பு. சதுப்புக்கு அப்பால், அக்கரை மேட்டில், பகைவர் போட்டிருந்த முள்வேலி. அதையும் அவரே எழுதியிருக்கிறார்: ‘எலியும் நுழைய முடியாத வேலி’ என்று. வசந்தத்தில் விழுந்த கோட்டைக்கு அறுபதாம் நாள் என்றால் நட்ட நடுக் குளிர்காலம். இந்தக் கணக்கைப் போட ஒரு குழந்தைக்குக்கூட அதிக நேரம் ஆகாது. மூன்று தலைமுறையாக ஹயாமி வீட்டில் யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

“வெளியே போகச் சொன்னார்கள்,” என்றார் ஹயாமி. அவர் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. “பகைவர் வேலியைத் தாண்ட விடவில்லை. இவர்கள் திரும்பி வந்திருப்பார்கள்.”

“வந்தபோது?”

“வாயில் சாத்தியிருந்தது.”

“இந்த வாயிலுக்குக் காவல் யார்?”

பட்டியலில் அதுவும் இருந்தது. ஏழாவது பெயருக்கு நேரே, பெருமையான எழுத்தில் இருந்தது. ‘வடக்கு வாயிலை நூறு நாளும் ஒருவருக்கும் திறக்காதவர்.’ ஆண்டுதோறும் அந்தப் பெயருக்காகத் தரையில் நெற்றி பதித்து, நெஞ்சை நிமிர்த்தி எழுந்தவர் ஹயாமிதான்.

“என் கொள்ளுத் தாத்தா,” என்றார்.

நாணலுக்குள் யாரோ இருமினார்கள். மியோகன் அந்தப் பக்கம் திரும்பி லேசாகத் தலை தாழ்த்தினார், தெரிந்தவர்களுக்கு வணக்கம் சொல்கிற மாதிரி.

வெயில் ஏறியிருக்க வேண்டும். மூடுபனி கண் கூசும் வெள்ளையாக இருந்தது. ஆனால் கலையவில்லை. ஹயாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை மடியில் விரித்தார். இடுப்பிலிருந்த தூரிகையை உருவி, மைக்கூட்டைத் திறந்தார்.

“என்ன செய்யப் போகிறீர்?”

“அந்தப் பெயரை அடித்துவிடுகிறேன், தாயே.”

மியோகன் அவர் கையிலிருந்த தூரிகையைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் ஹயாமியைப் பேச வைத்தது. வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துகொண்டு வந்தன.

“வேறு என்ன செய்ய முடியும் என்னால்? நடந்ததை எழுதினால் நாற்பத்து மூன்று வீட்டாரும் என்னைக் கண்டதுண்டமாக வெட்டுவார்கள். பிரபு குலத்தையே அவமதித்ததாக ஆகும். அது என் சக்திக்கு மீறினது. நான் செய்த தவறு ஒன்று. இல்லாத ஒருவனை இருந்ததாக எழுதினேன். அதை மட்டும் சரிசெய்துவிடுகிறேன். பிரதி எடுத்ததில் பிழை என்று பிரபுவிடம் சொன்னால் நம்புவார். இசோபெயிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன். ஓஷினோவுக்கு வேறு வழி ஏதாவது பார்க்கலாம். இங்கே நடந்ததை நீங்களும் நானும் மறந்துவிடலாம்.”

தூரிகை மையில் தோய்ந்தது. நுனியில் ஒரு சொட்டு திரண்டு தொங்கியது. கீழே தாளில், அவருடைய சொந்தக் கையெழுத்தில், இசோபெ தோசாபுரோ.

அவருக்குப் பின்னால், வெகு அருகில், சேறு ஒருமுறை காலை உறிஞ்சி விடும் சத்தம் கேட்டது. பழைய தண்ணீரின் வாடை வந்தது. ஹயாமி திரும்பவில்லை. தாளையே பார்த்தார்.

“தாயே,” என்றார் கெஞ்சலாக. “அடித்துவிடலாம், இல்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்கள்.”

மியோகன் அவரைப் பார்க்கவில்லை. அவருடைய தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தாராளமாக அடியும்,” என்றார். “நான் கையைப் பிடிக்க மாட்டேன். ஆனால் முதலில் திரும்பி, அவர் முகத்தைப் பார்த்து, ‘நீ யாரும் இல்லை’ என்று சொல்லிவிட்டு அடியும்.”